சமையல்காரர் கடைசியாகச் சொன்ன சொல்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். “கோட்டிலை சொல்லு வராமல் நிண்டுட்டால் என்ன செய்யிறது, அன்ரி?” நீதிமன்றத்தில் சொல் வராவிட்டால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. “மன்னிக்க வேண்டும், இந்தச் சொல் எனக்குத் தெரியாது” என்று உள்ளதைச் சொல்லலாம். நீதிபதி முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். இத்தனை வருட வேலையில் நான் பயந்தது சொல் தெரியாத நாளில் அல்ல. சொல் நன்றாகத் தெரிந்த ஒரு நாளில்.

உங்களில் சிலருக்கு நான் சீனருக்கும் மொழிபெயர்த்தவள் என்பது தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது மலாயாவில், ஈப்போவில். அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றி எல்லாம் சீனக் குடும்பங்கள். அவர்கள் பேசிய கன்ரனீஸ் நான் படித்த மொழியல்ல, சண்டை பிடித்து விளையாடிய மொழி. பிறகு யாழ்ப்பாணத்தில் கல்யாணம், அதன்பிறகு லண்டன், நோர்பரியில் வீடு. எண்பதுகளில் நம் பெடியள் அகதிகளாக வந்து இறங்கத் தொடங்கியபோது தமிழுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கன்ரனீஸும் தெரியும் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து அதற்கும் கூப்பிட்டார்கள்.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது ஹொங்கொங் இன்னும் பிரித்தானியக் கொடியின் கீழ்தான் இருந்தது. அங்கே பிறந்தவர்களின் கடவுச்சீட்டில் மகாராணியின் பெயர் இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு லண்டனில் குடியிருக்க முடியாது. அப்படி வந்து, விசா முடிந்த பிறகும் தங்கியவர்தான் லியோங். ஐம்பது வயதைத் தாண்டியவர். தென்லண்டனில் ஒரு சீன உணவகத்தின் குசினியில் சமையல்காரர். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த ஓர் அறையில், கூட வேலை செய்த ஆ சிங்குடன் படுக்கை.

மழை பெய்த ஒரு பின்னேரம். மத்தியான வியாபாரம் முடிந்து கடை பூட்டிக் கிடந்த நேரம். கடைக்குப் பின்னால் இருந்த வளவில் லியோங்கின் உடல் கிடந்தது. மேலே அறையின் பின் யன்னல் திறந்திருந்தது.

இந்த நாட்டில் ஒருவர் இப்படி இறந்தால் கொரோனர் விசாரிப்பார். ஊரில் மரண விசாரணை அதிகாரி என்போமே, அவர்தான். அங்கே எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்பது மட்டும்தான் கேள்வி. ஆனால் அந்த “எப்படி” என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் மிச்ச வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கும்.

எனக்கு முதலில் சொல்லப்பட்டது, இது சுலபமான வழக்கு, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று. உணவக முதலாளி ஆங்கிலம் பேசுவார். சம்பவம் நடந்த அன்று பொலிசார் வந்து ஆ சிங்கை விசாரித்தபோது முதலாளிதான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். யன்னலால் போகுமுன் லியோங் ஏதோ சொன்னார் என்று ஆ சிங் சொல்லியிருக்கிறார். அதை முதலாளி ஆங்கிலத்தில் “எல்லாத்தையும் விட்டிட்டுப் போய்ச் சேரப்போறன்” என்ற பொருளில் சொல்லியிருந்தார். தனிமை, ஊர் நினைவு, திறந்த யன்னல், இந்த வாக்கியம். தற்கொலை என்பதில் பொலிசாருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கொரோனரின் மண்டபத்துக்கு வெளியே ஒரு நீண்ட நடைவழி. சுவரோரம் உட்கார வாங்குகள். லியோங்கின் மகள் மேய் லிங் ஹொங்கொங்கிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் போய் கன்ரனீஸில் வணக்கம் சொன்னதும் என் சேலையையும் பொட்டையும் பார்த்துத் திகைத்து, பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இனி அவர்கள் பேசியதை எல்லாம் நம்முடைய தமிழிலேயே தருகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது.

“அன்ரி, அப்பா தானாச் செத்தவர் எண்டு ஊர் முழுக்கக் கதைக்குது. அம்மா வீட்டை விட்டு வெளியிலை வாறேல்லை. அந்தாள் உள்ளுக்கை போய் அதையே திருப்பிச் சொன்னால், நீங்கள் வேறை மாதிரி மாத்திச் சொல்ல ஏலுமோ?”

“ஏலாது, பிள்ளை.”

“ஒரு சொல்லுத்தானே?”

“ஒரு சொல்லெண்டாலும் ஏலாது. அவர் சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்.”

அவள் என் கைகளை விட்டுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் குடிக்க நடையின் மறுபக்கம் போனேன். அங்கேதான் ஆ சிங் நின்றார். மெலிந்த மனிதர். இரவல் கோட்டு, தோளில் தொங்கியது. நான் மொழிபெயர்ப்பாளர் என்று அறிந்ததும் கிட்ட வந்து, மூச்சு விடாமல் பேசத் தொடங்கிவிட்டார்.

“அக்கா, லியோங் அண்ணை சாகப் போகேல்லை. கதவைத் தட்டிச்சினம். நாங்கள் நினைச்சம்…”

நான் கையை உயர்த்தினேன். “எனக்குச் சொல்லாதேங்கோ!”

“உங்களுக்கு மட்டும். உள்ளுக்கை சொன்னால் என்னையும் அனுப்பிப் போடுவினம். எனக்கும் பேப்பர் இல்லை.”

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. எனக்கு இரகசியம் சொல்ல வேண்டாம். நான் உங்கடை ஆளும் இல்லை, அவையின்ரை ஆளும் இல்லை. சொல்லுறதெண்டால் உள்ளுக்கை சொல்லுங்கோ.”

அவர் வாயை மூடினார். ஆனால் நான் கேட்டது கேட்டதுதானே. காதுக்குள் போனதைத் திருப்பி எடுக்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகளே. உங்களுக்கும் இது நடக்கும். தங்கள் மொழியில் ஒருவர் பேசியவுடன் சனம் உருகிப்போய் எல்லாவற்றையும் கொட்டும். மகளிடம் ஓடிப்போய் “உன் அப்பா தற்கொலை செய்யவில்லை” என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் நான் சாட்சியாகியிருப்பேன். அதுவும் ஒரு பாதி வாக்கியத்தை மட்டும் கேட்ட சாட்சி. அவர் உள்ளே போய் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால் எல்லாம் பாழ். கொரோனரின் அலுவலராக இருந்த பொலிஸ்காரரிடம் நேரே போனேன். “சாட்சி வழக்கைப் பற்றி என்னோடு பேச வந்தார். நான் நிறுத்திவிட்டேன். கொரோனருக்கு இது தெரிய வேண்டும்” என்றேன். என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். “அதை நான் சொல்ல முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்” என்றேன். பொலிஸ்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே போய்ச் சொன்னார்.

விசாரணை தொடங்கியது. கொரோனர் வயதானவர், நரைத்த புருவம், அடிக்கடி சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிற ஆள். முதலாளி முதலில் சாட்சி சொன்னார். தான் அன்று சாமான் வாங்க வெளியே போயிருந்ததாகவும், லியோங் கொஞ்ச நாளாக யாரோடும் பேசாமல் இருந்ததாகவும் சொன்னார். முன்வரிசையில் மேய் லிங் ஆங்கிலம் பாதி விளங்கியும் விளங்காமலும் இருந்தாள்.

பிறகு ஆ சிங். அந்த மண்டபத்தின் கிழச் சேவகர் என் காதுக்குள் கேட்டார், “இவருக்குச் சத்தியம் செய்யப் பீங்கான் தட்டு ஏதும் உடைக்க வேணுமோ?” அந்தக் காலத்தில் சீனச் சாட்சிகள் ஒரு சிறு தட்டை உடைத்துச் சத்தியம் செய்வார்கள் என்று வெள்ளைக்கார நீதிமன்றங்களில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் அதை நினைவில் வைத்திருந்தார். வேண்டாம், சாதாரண உறுதிமொழி போதும் என்றேன். ஆ சிங் உறுதிமொழி எடுத்தார்.

“அவர் யன்னலுக்குப் போகுமுன் என்ன சொன்னார்?” என்று கொரோனர் கேட்டார்.

ஆ சிங் சொன்னார்: “ஙோ ஜௌ லா.”

மூன்று அசை. உலகத்தில் எவ்வளவோ பெரிய வாக்கியங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். இந்த மூன்று அசையில்தான் நான் சிக்கிக்கொண்டேன். கன்ரனீஸில் “ஜௌ” என்றால் போவது. ஓர் இடத்தை விட்டு வெளிக்கிடுவதும் அதுதான். தப்பி ஓடுவதும் அதுதான். செத்தவரைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சொல்தான். நமக்கு இது புதிதா என்ன? நாமும் செத்தவரைப் “போட்டார்”, போய்விட்டார், என்போம். வீட்டை விட்டு வெளிக்கிடும் பிள்ளை “போறன்” என்றால் “போட்டு வாறன் எண்டு சொல்லு” என்று அதட்டுவோம். ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.

“மொழிபெயர்ப்பாளரே?” என்றார் கொரோனர்.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. “ஓடுறன்” என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். நடையில் கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த உண்மை என் வாயிலிருந்துதான் வந்திருக்கும், சாட்சியின் வாயிலிருந்து அல்ல. “போறன்” என்று மட்டும் சொன்னால் பிழை இல்லை. ஆனால் கொரோனரின் முன்னால் ஏற்கெனவே முதலாளியின் வாக்கியம் இருக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். மகளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மூன்றாவது வழியை எடுத்தேன்.

“ஐயா, இதை ஒரே ஆங்கிலச் சொல்லில் தர எனக்கு முடியாது” என்றேன். “போகிறேன் என்றும் சொல்லலாம். தப்பி ஓடுகிறேன் என்றும் சொல்லலாம். இறப்பதைப் பற்றியும் இந்தச் சொல்லைப் பாவிப்பார்கள்.”

கொரோனர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மணி, எனக்கு ஒரு தெளிவான சொல் வேண்டும்.”

“தெளிவில்லாததை நான் தெளிவாக்கினால் அது என்னுடைய சாட்சியாகிவிடும், ஐயா. அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று சாட்சியிடம் கேட்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.”

 கொரோனர் என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை விட்டுவிட்டு ஆ சிங்கை நீண்ட நேரம் பார்த்தார். தன் அலுவலர் காலையில் வந்து சொன்னதை நினைத்திருப்பார் போல. பிறகு மெதுவாகச் சொன்னார்: “கேள்வியைக் கேட்கிறேன். ஆனால் அதற்கு முன் சாட்சிக்கு ஒன்றை விளக்க வேண்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லத் தேவையில்லை. இதை அவருக்குச் சரியாக விளங்கப்படுத்துங்கள்.”

சரியாக! அந்த எச்சரிக்கையை ஒரு நூல் அளவு அழுத்திச் சொன்னால் அவர் பயந்து வாயை மூடிவிடுவார். ஒரு நூல் அளவு இளக்கிச் சொன்னால் காப்பாற்றப்படுவோம் என்று நம்பிப் பேசிவிடுவார். இரண்டும் எனக்கு உரிமையில்லாத வேலை. கொரோனர் சொன்ன அதே வேகத்தில், அதே எடையில் சொன்னேன். சொல்லிவிட்டுக் கண்ணை மேசையில் வைத்தேன். ஆ சிங் என் முகத்தையே பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் நிமிர்ந்து ஒரு சின்னத் தலையசைப்பு கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. கண்ணாலும் மொழிபெயர்க்கக் கூடாது, பிள்ளைகளே. நான் உங்களுக்குச் சொல்லக்கூடியதில் கடினமானது இதுதான்.

“அவர் அதை எந்தப் பொருளில் சொன்னார்?” என்று கொரோனர் கேட்டார்.  நான் அதையும் மொழிபெயர்த்தேன். 

ஆ சிங் திரும்பி மேய் லிங்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார்.

“கீழ்க்கதவைப் பலமாத் தட்டிச்சினம். இங்கிலிஸிலை கத்திச்சினம். இமிகிரேஷன் எண்டு நினைச்சம். எனக்கும் பேப்பர் இல்லை, அவருக்கும் இல்லை. அண்ணை சொன்னார், ‘நான் ஓடுறன், நீ ஒளி’ எண்டு. பின்யன்னலாலை பக்கத்துக் கடைத் தகரக்கூரைக்குப் பாயலாம். முந்தியும் ஒருக்கால் அப்பிடிப் பாய்ஞ்சவர். அண்டைக்கு மழை.”

நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“நான் அலுமாரிக்குள்ளை ஒளிஞ்சனான். விழுந்த சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. ஆனால் நான் வெளியிலை வரேல்லை. கதவு தட்டுறது நிக்குமட்டும் வரேல்லை.”

 அவர் சொன்னபடியே “கேட்டது” என்பதை நானும் இரண்டு தரம் சொன்னேன். அவர் இரண்டு தரம் சொன்னால் நாமும் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

மேய் லிங் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதலாளி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பொலிசாருக்கு அவர் ஏன் அப்படி மொழிபெயர்த்தார்? அரைகுறை ஆங்கிலமா, கடையில் பேப்பர் இல்லாதவர்களை வைத்திருந்த பயமா? எனக்குத் தெரியாது. கொரோனரும் அவரைத் துருவவில்லை. “அன்று கதவைத் தட்டியது யார்?” என்று மட்டும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி விசாரணையை ஒத்திவைத்தார்.

ஆ சிங்கின் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மண்டபத்துக்குள் அவரை ஒருவரும் தொடவில்லை. சீனச் சங்கம் ஒன்று அவருக்கு ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுத்தது. அந்த வழக்கறிஞரும் பாவம், கடைசி மட்டும் போராடினார். அடுத்த வருடம் ஆ சிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறக்கும்போதே அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதற்காக அது என்னை உறுத்தாமல் விட்டதில்லை.

இரண்டாம் தடவை கூடியபோது மண்டபத்தில் ஒரு புது ஆள் இருந்தார். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, இறுகக் கட்டிய டை. லண்டன் வெள்ளைக்காரர், லொறி ஓட்டுபவர். முதலாளி குசினிக்கு ஒரு பெரிய ஐஸ்பெட்டி வாங்கியிருக்கிறார், அது எந்த நாள் வரும் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. அதைக் கொண்டுவந்து இறக்கத்தான் இவரும் கூட்டாளியும் அன்று வந்திருக்கிறார்கள். மழை. லொறியை நிறுத்த இடமில்லாத வீதி. கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். ஒருவரும் திறக்காததால் திரும்பிப் போய்விட்டார்கள். இமிகிரேஷன் அன்று அந்தப் பக்கம் வரவேயில்லை.

“எவ்வளவு சத்தமாகத் தட்டினீர்கள்?” என்று கொரோனர் கேட்டார்.

“கையால் குத்தினேன், ஐயா. காலாலும் ஒருமுறை உதைத்தேன். எனக்குத் தெரியாது ஐயா, மேலே ஆட்கள்…”  கொரோனர் அவரை உட்காரச் சொன்னார். அவர்மேல் பிழையில்லை என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு முடிவை அறிவித்தார்: விபத்தால் நேர்ந்த மரணம். நான் அதை மேய் லிங்குக்குக் கன்ரனீஸில் சொன்னேன். அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

வெளியே நடையில் அந்த லொறிக்காரர் காத்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். விசாரணை முடிந்துவிட்டது, என் வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் அவர் என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளைக்கு நான் ஒன்று சொல்ல வேணும், மொழிபெயர்த்துச் சொல்லுவீங்களா?” என்று கேட்டபோது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மேய் லிங்கிடம் கேட்டேன். அவள் சரி என்றாள்.

“நான் நல்லாக் குத்திக் கத்தினேன். டெலிவரி என்றுதான் கத்தினேன். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார்.

நான் சொன்னேன். மேய் லிங் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவள் கோபப்படுவாளோ, அழுவாளோ என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அப்படியே கொடுக்க வேண்டும் என்று என்னைத் தயார்படுத்திக்கொண்டேன்.

“அப்பா கதவைத் திறந்திருந்தால்,” என்று அவள் சொன்னாள், “உங்களை இருத்தித் தேத்தண்ணி தந்திருப்பார். மழைக்குள்ளை வந்தவையை அவர் சும்மா அனுப்ப மாட்டார்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அந்தப் பெரிய மனிதர் வாங்கில் உட்கார்ந்தார். மேய் லிங்கும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  மொழிபெயர்க்க இனி ஒன்றும் இல்லை என்று கண்டு, நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.